அடுக்களைக்குள் நுழையாதே!

“டீச்சர்! அடுக்களைக்குள்ளே கால் வைக்காதீங்க!”

நாற்பத்து நான்கு வயது வரையில் என்னிடம் இவ்விதம் சொன்னவர் ஒருவருமில்லை. அடுக்களைக்குள் போ என்று சொன்னவர்கள் உண்டு. ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்டவர்களும் உண்டு. நுழையாதே என்ற உத்தரவை நான் முதன் முதலாகக் கேட்டது சென்ற தை மாதத்தில், ஒரு சிமெண்டுத் தளத்தின் நடுவே, கையில் ஒரு மட்டையைப் பிடித்துக்கொண்டு திகைத்து நின்றபோதுதான். உத்தரவிட்டவரோ, பத்து ஆண்டுகளுக்கு முன் என் ஏழாம் வகுப்பில் கடைசிப் பெஞ்சியில் அமர்ந்து, பின்னக் கணக்கைக் கண்டதும் ஜன்னல் வழியே வெளியே பார்க்கத் தொடங்கிவிடும் பையன். இன்று அவர் பிக்கிள்பால் என்னும் ஆட்டத்தைக் கற்றுக் கொடுக்கும் ஆசிரியர், நான் மாணவி. பழிக்குப் பழி வாங்க அவர் நினைத்திருந்தாலும் குற்றமில்லை. ஆனால் அந்நாளில் நான் அவரிடம் காட்டிய பொறுமையைவிட இந்நாளில் அவர் என்னிடம் காட்டிய பொறுமை அதிகம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் மகள். கல்லூரி விடுமுறைக்கு வந்தவள், ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு என்னை எழுப்பினாள். “அம்மா, டாக்டர் உன்னை நடக்கச் சொல்லி ஆறு மாசமாச்சு. நடக்கத்தான் மாட்டேன்கிறாய், விளையாடவாவது வா” என்றாள். எங்கள் குடியிருப்பின் பின்புறத்தில் இறகுப்பந்து ஆடுவதற்காகப் போட்ட தளம் ஒன்று உண்டு. அதில் சில மாதங்களாகக் காலையும் மாலையும் ‘டொக், டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆட்டத்தின் பெயர் பிக்கிள்பால் என்று என் மகள் சொன்னதைக் கேட்ட என் மாமியார், “ஊறுகாயும் பாலுமா? வயிற்றுக்கு ஆகாதே!” என்றார். எனக்கும் அப்போது அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

இந்தப் பெயரின் கதையும் ஆட்டத்தின் கதையும் ஒன்றாகவே பிறந்தவை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில், ஸியாட்டில் நகரத்துக்கு எதிரே கடற்கழிக்கு அப்பால் பெயின்பிரிட்ஜ் என்ற தீவு இருக்கிறது. 1965-ஆம் ஆண்டு கோடையில், மாகாணச் சட்டசபை அங்கத்தினராயிருந்த ஜோயல் பிரிச்சார்ட் என்பவரும் அவருடைய நண்பர் பில் பெல் என்பவரும் கோல்ப் ஆடிவிட்டு வீடு திரும்பினார்கள். வீட்டில் குழந்தைகளும் பெரியவர்களும் பொழுது போகாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்தில் பழைய இறகுப்பந்துத் தளம் ஒன்று இருந்தது. ஆனால் தேவையான மட்டைகளும் இறகுப்பந்தும் அகப்படவில்லை. அகப்பட்டவை மேஜைப்பந்து மட்டைகளும், துளைகளுள்ள ஒரு பிளாஸ்டிக் பந்தும்தான். இருந்ததைக் கொண்டு ஆடத் தொடங்கினார்கள். முதலில் வலை இறகுப்பந்துக்குரிய உயரத்தில், 60 அங்குலத்தில் இருந்தது. பந்து தரையில் நன்றாகத் துள்ளுவதைக் கண்டதும் அதை 36 அங்குலத்துக்கு இறக்கினார்கள். அடுத்த வாரம் பார்னி மெக்காலம் என்ற மூன்றாவது நண்பர் வந்து சேர்ந்தார். மேஜைப்பந்து மட்டை சிறியதாயிருப்பதைப் பார்த்து, ஒட்டுப் பலகையை அறுத்துப் பெரிய மட்டை செய்தவர் அவர். மூவருமாக உட்கார்ந்து விதிகளை எழுதினார்கள். வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து ஆட வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கமாயிருந்தது. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் விசித்திரமான விதிகளுக்கெல்லாம் மூலகாரணம் இதுவேயாகும்.

பெயரை இட்டவர் பிரிச்சார்டின் மனைவி ஜோன் அம்மையார். படகுப் போட்டிகளில், தேர்ந்தெடுத்த குழுக்கள் போக மிஞ்சியவர்களைச் சேர்த்து ஏற்றிவிடும் படகுக்கு ‘பிக்கிள் படகு’ என்று அங்கே ஒரு வழக்கு. பல ஆட்டங்களில் மிஞ்சிய சாமான்களால் பிறந்த இந்த ஆட்டத்துக்கும் அதே பெயர் பொருந்தும் என்று அம்மையார் கருதினார். அவர்களுடைய வீட்டு நாயின் பெயரான பிக்கிள்ஸ் என்பதே ஆட்டத்துக்கு வந்தது என்று வேறொரு கதையும் வழங்குகிறது. ஆனால் ஆட்டம் முந்தியது, நாய் பிந்தியது என்றும், ஆட்டத்தின் பெயரைத்தான் நாய்க்கு இட்டார்கள் என்றும் பிரிச்சார்டு குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். எப்படியும் ஊறுகாய்க்கும் இதற்கும் நேரான சம்பந்தமில்லை. இதை என் மாமியாரிடம் விளக்கினேன். அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை.

1976-இல் வாஷிங்டன் மாகாணத்திலேயே டக்விலா என்ற ஊரில் முதல் போட்டிப் பந்தயம் நடந்தது. 1984-இல் அமெரிக்காவில் இதற்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டது. விமானக் கம்பெனியில் எஞ்சினீயராயிருந்த ஒருவர், விமானத்தின் தரைக்குப் போடும் தேன்கூட்டு அமைப்புள்ள பலகையைக் கொண்டு மட்டை செய்ததும் அக்காலத்தில்தான். 2022-இல் அந்த மாகாணம் இதைத் தன் அதிகாரபூர்வமான விளையாட்டாகவே அறிவித்துவிட்டது. நம் நாட்டுக்கு இதைக் கொண்டு வந்தவர் சுனில் வலவல்கர் என்னும் மும்பைக்காரர். கனடாவில் இந்த ஆட்டத்தைக் கண்டு பழகி வந்த அவருடைய முயற்சியால் 2008-இல் அகில இந்தியச் சங்கம் ஒன்று தோன்றியது.

அன்னிய நாட்டு ஆட்டம் நமக்கெதற்கு என்று கேட்கக்கூடியவர்கள் இருப்பார்கள். நானே கேட்டுக்கொண்டவள்தான். ஆனால் இதன் தாயாகிய இறகுப்பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1870-களில் அதற்கு விதிகள் வகுத்து ஆடியவர்கள் நம் புனா நகரத்தில் தங்கியிருந்த ஆங்கில ராணுவ அதிகாரிகள். அங்கிருந்துதான் அது சீமைக்குப் போயிற்று. அதன் நெருங்கிய உறவாகிய பூப்பந்து, இறகுக்குப் பதிலாகக் கம்பளிப் பந்தைக் கொண்டு நம் தஞ்சாவூரில் வளர்ந்தது. பிக்கிள்பால் தளத்தின் அளவு, இருவர் இருவராக ஆடும் இறகுப்பந்துத் தளத்தின் அளவேதான்: நீளம் 44 அடி, அகலம் 20 அடி. ஆகவே, பேத்தி எங்கேயோ பிறந்து வளர்ந்து ஊருக்கு வந்திருக்கிறாள் என்று நான் சமாதானம் செய்துகொண்டேன்.

இனி, கற்ற கதைக்கு வருகிறேன்.

மட்டை மரப்பலகை போன்றது, நரம்பு கிடையாது. நீளம் 17 அங்குலத்துக்கு மேற்படக் கூடாது. நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் 24 அங்குலத்துக்கு மேற்படக் கூடாது. பந்தில் 26 முதல் 40 துளைகள் வரை இருக்கும். காற்று துளைகளுக்குள் புகுந்து புறப்படுவதால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அது டென்னிஸ் பந்தைப் போலப் பாய்வதில்லை. கொஞ்சம் யோசித்துக்கொண்டே வருகிறது. வயதானவர்களுக்கு இது பெரிய உபகாரம். வலை ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம்.

ஆட்டத்தைத் தொடங்கும் அடிக்கு ஸர்வீஸ் என்று பெயர். கையைத் தலைக்கு மேல் ஓங்கி அடிக்கலாகாது. கீழிருந்து மேலாகக் கையை வீசி, இடுப்புக்குக் கீழே பந்தைத் தட்ட வேண்டும்; அது குறுக்காகச் சென்று எதிர்ப்பக்கத்துக் கட்டத்தில் விழ வேண்டும். சந்தர்ப்பம் ஒன்றே. டென்னிஸைப் போல இரண்டாம் முறை கிடையாது. பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டு, தரையில் துள்ளி எழுந்தபின் தட்டினாலும் செல்லும். என் போன்றவர்களுக்கு அதுவே சுலபம். முதல் நாள் நான் போட்ட பத்து ஸர்வீஸில் இரண்டு வலையைத் தாண்டின. ஒன்று பக்கத்து வீட்டுத் துளசி மாடத்தில் விழுந்தது.

அடுத்தது இரண்டு துள்ளல் விதி. ஸர்வீஸாக வரும் பந்தை, ஒரு முறை தரையில் துள்ளிய பிறகே எதிராளி அடிக்க வேண்டும். அவர் திருப்பியனுப்பும் பந்தையும், இந்தப் பக்கத்தார் ஒரு முறை துள்ளவிட்டே அடிக்க வேண்டும். அதன் பிறகுதான் பந்தைத் தரையில் விழாமலே அந்தரத்தில் அடிக்கலாம். அப்படி அந்தரத்தில் அடிப்பதற்கு வாலி என்று பெயர். பாய்ந்து சென்று பலத்தால் ஆட்டத்தை ஒரே அடியில் முடித்துவிடும் சூரர்களை இந்த விதி சற்று நேரம் வாசலில் நிறுத்தி வைக்கிறது.

புள்ளிக் கணக்கு இருக்கிறதே, அதில்தான் கணக்கு வாத்தியாரம்மாளாகிய நான் மானமிழந்தேன். பதினொரு புள்ளி எடுத்தால் வெற்றி. ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். ஸர்வீஸ் போடும் பக்கத்துக்கே புள்ளி உண்டு. இருவர் இருவராக ஆடும்போது, ஒவ்வொரு முறையும் ஸர்வீஸ் போடுகிறவர் மூன்று எண்களை உரக்கச் சொல்ல வேண்டும். முதலெண் தம் பக்கத்துப் புள்ளி. இரண்டாவது எதிர்ப்பக்கத்துப் புள்ளி. மூன்றாவது, தம் பக்கத்தில் தாம் முதலில் போடுகிறவரா, இரண்டாவதாகப் போடுகிறவரா என்பது. முதல்வர் தோற்றால் ஸர்வீஸ் அவருடைய கூட்டாளிக்குப் போகும். அவரும் தோற்றால் எதிர்ப்பக்கத்துக்குப் போகும். இதற்கு ஸைட் அவுட் என்று பெயர்.

இவ்வளவு வரையில் புரிந்தது. ஆனால் ஆட்டத்தின் தொடக்கத்தில் நம் பையன், “சைபர்-சைபர்-இரண்டு” என்று கூவினார். “ஏனப்பா, ஒன்று என்றல்லவா ஆரம்பிக்க வேண்டும்? இரண்டாவது ஆள் இன்னும் பிறக்கவே இல்லையே!” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “டீச்சர், முதலில் ஆரம்பிக்கிற பக்கத்துக்கு ஒரு சலுகை இருக்கு இல்லையா? அதைக் குறைக்கத்தான் அவங்களுக்கு முதல் தடவை ஒரே ஆள். அந்த ஒருத்தரையே இரண்டாவது ஆள் என்று வச்சுக்கறோம்” என்றார். பின்னக் கணக்கில் தொகுதியையும் பகுதியையும் குழப்பிய பையனா இவ்வளவு தெளிவாகப் பேசுகிறார் என்று பார்த்தேன். ஒரு வேளை அக்காலத்தில் நான்தான் தெளிவாகச் சொல்லவில்லையோ என்னவோ.

இனி அடுக்களை.

வலையை ஒட்டி, இருபுறமும் ஏழேழு அடிக்கு ஒரு பகுதி உண்டு. ‘வாலி அடிக்கக் கூடாத பகுதி’ என்பது புத்தகப் பெயர். ஆடுகிறவர்கள் எல்லோரும் அதைக் கிச்சன், அதாவது அடுக்களை, என்றே அழைக்கிறார்கள். அதற்குள்ளோ அதன் கோட்டின் மேலோ கால் வைத்துக்கொண்டு பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாது. அடித்தால் பிழை. வெளியே நின்று அடித்த வேகத்தில் தடுமாறி உள்ளே விழுந்தாலும் பிழையே. பந்து அதற்குள் எதிர்ப்பக்கத்தில் விழுந்து செத்துப் போயிருந்தாலும் கூடப் பிழைதான். உடம்பு மட்டுமன்று, உடுத்தியிருப்பதும் கையிலிருப்பதும் கணக்கில் சேரும். ஒரு நாள் நான் வெகு அழகாக ஒரு பந்தை மடக்கி அடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். என் துப்பட்டாவின் நுனி அடுக்களைத் தரையில் புரண்டு கொண்டிருந்தது. புள்ளி போயிற்று.

ஆனால் அடுக்களைக்குள் பந்து துள்ளி எழுந்தால், தாராளமாய் உள்ளே சென்று அடிக்கலாம். அடித்துவிட்டுச் சாவகாசமாய் வெளியே வரலாம். அங்கே நிற்பது குற்றமன்று. நின்றபடி வாலி அடிப்பதே குற்றம். இந்த வித்தியாசம் மூன்று நாள் வரையில் என் மண்டையில் ஏறவில்லை. நாலாம் நாள் இராமாயணம் துணைக்கு வந்தது. மதங்க முனிவருடைய சாபத்தினால் ரிஷ்யமுக பர்வதத்தில் கால் வைக்கக் கூடாதவன் யார்? வாலி! சுக்கிரீவன் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் அங்கே இருக்கலாம். வாலிக்கு மட்டும் இடமில்லை. அடுக்களை என்பது ரிஷ்யமுக பர்வதம். அதன் பிறகு நான் அந்தப் பிழையைச் செய்வது குறைந்துவிட்டது. பையனிடம் இதைச் சொன்னேன். இப்போது அவர் தம்மிடம் பயிலும் சிறுவர்களுக்கெல்லாம் இதையே சொல்லுகிறாராம்.

இந்த ஏழு அடி இல்லாவிட்டால், உயரமும் கைப்பலமும் உள்ளவன் வலையோரம் நின்று எல்லாப் பந்தையும் தலையில் குட்டிக் கீழே இறக்கி விடுவான். பாட்டியும் பேரனும் ஆடுவதற்கு ஒன்றும் மிஞ்சியிராது. இதை எனக்கு நேரில் விளங்க வைத்தவர், தெற்கு ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். வயது அறுபத்தெட்டு. வலது முழங்காலில் ஒரு பட்டை. எல்லோரும் அவரைக் ‘கார்டு ஸார்’ என்பார்கள். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. அடுக்களைக் கோட்டுக்கு ஓர் அங்குலம் பின்னால், பச்சைக் கொடி காட்ட நிற்பவரைப் போல நிற்பார். நாம் ஆவேசமாக அடிக்கும் பந்தை, குழந்தையைத் தொட்டிலில் இறக்குவது போல நம்முடைய அடுக்களைக்குள் இறக்கிவிடுவார். அது தாழ்ந்து துள்ளும். அதை ஓங்கி அடித்தால் வலையில் போய் மோதும்; மெல்லத் தூக்கினாலோ மறுபடியும் அவரிடமே போகும். இப்படி அடுக்களைக்கு அடுக்களை மெல்லத் தட்டும் அடிக்கு டிங்க் என்று பெயர். பத்து, பதினைந்து டிங்க் தொடர்ந்து நடக்கும். யாராவது ஒருவருக்குப் பொறுமை போய்விடும். எப்போதும் அது எனக்குத்தான்.

“டீச்சரம்மா, வண்டி வர நேரத்திலேதான் வரும். நீங்க கோபிச்சுக்கிட்டா முன்னாலே வராது” என்பார் கார்டு ஸார்.

மூன்றாவது அடி பற்றிய நுட்பத்தையும் அவரிடமே கற்றேன். இரண்டு துள்ளல் விதியினால், ஸர்வீஸ் போட்ட பக்கத்தார் பின்னாலேயே காத்திருக்க நேர்கிறது. எதிர்ப்பக்கத்தாரோ பந்தைத் திருப்பியனுப்பிவிட்டு உடனே கோட்டருகே வந்து நின்றுகொள்கிறார்கள். பின்னாலிருப்பவர்கள் முன்னால் வருவது எப்படி? மூன்றாவது அடியை வில் போல் வளைத்து, எதிராளியின் அடுக்களையில் பொத்தென்று விழும்படி இறக்க வேண்டும். இதற்கு ட்ராப் என்று பெயர். அந்தப் பந்தை அவர்களால் அந்தரத்தில் குட்ட முடியாது. அது துள்ளி எழும் அவகாசத்தில் நாம் நடந்து கோட்டுக்கு வந்துவிடலாம். பலமாகத் தட்டையாய் அடிப்பது ட்ரைவ். எதிராளியின் தலைக்கு மேலே உயர அனுப்புவது லாப். லாப் வரும்போது முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகவே ஓடக்கூடாது. உடம்பைத் திருப்பிக்கொண்டு ஓட வேண்டும். என் வயதுக்காரர்கள் இதை மந்திரம் போல் ஜபிப்பது நல்லது. பின்பக்கமாய் ஓடி விழுந்து மணிக்கட்டு முறிந்தவர்களுக்கு ஆட்டத்தைப் பற்றிய நல்லெண்ணம் நீடிப்பதில்லை. நல்ல பாதரட்சையும் அவசியம். வீட்டுச் செருப்போடு வந்த ஒருவரைப் பையன் தளத்தில் ஏறவே விடவில்லை.

ஒரு புள்ளி கூட எடுக்காமல் தோற்பவரை ‘ஊறுகாய் போட்டாயிற்று’ என்கிறார்கள். அந்தப் பட்டம் எனக்கு முதல் வாரத்திலேயே இரு முறை கிடைத்தது. அடுக்களைக்குப் பக்கவாட்டில், தளத்துக்கு வெளியே தாவி நின்று வாலி அடிக்கும் ஒரு சாகசத்துக்கு, அதில் பேர் பெற்ற எர்னி பெர்ரி என்பவரின் பெயரையே வைத்து எர்னி என்று அழைக்கிறார்கள். அது என் மகளுக்கு வேண்டியது. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

மத்தியஸ்தர் இல்லாத நாட்களில், தங்கள் பக்கத்தில் விழும் பந்து கோட்டுக்கு உள்ளா வெளியா என்பதை ஆடுகிறவர்களே சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் பலன் எதிராளிக்கே. தாம் செய்த பிழையைத் தாமே சொல்லிவிடுவதும் முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் என் மகளும் ஒரு பக்கம். கார்டு ஸாரும் மற்றொருவரும் எதிர்ப்பக்கம். அவர்கள் பத்து, நாங்கள் ஒன்பது. எங்கள் கையில் ஸர்வீஸ். நீண்ட நேரம் டிங்க் நடந்தது. கடைசியில் நான் தெரியாமல் உயர்த்திவிட்ட பந்தைக் கார்டு ஸார் அந்தரத்திலேயே தட்டி முடித்தார். “ஸைட் அவுட்” என்று நான் பெருமூச்சு விட்டேன். அவர் குனிந்து தம் பாதத்தைப் பார்த்தார். “இல்லே அம்மா. கட்டை விரல் கோட்டு மேலே. புள்ளி உங்களுக்கு” என்றார். நாங்கள் மூவரும் அதைப் பார்க்கவில்லை. அந்த ஆட்டத்தில் நாங்களே வென்றோம். ஆனால் வீடு திரும்பும்போது என் மகள் வெற்றியைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் கட்டை விரலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

கோட்டை மிதிக்காமல் ஆடுவது எனக்குப் புதியதன்று. பன்னிரண்டு வயது வரையில் எங்கள் தெருவில் பாண்டியாட்டத்தில் என்னை வெல்ல ஆள் கிடையாது. ஓட்டுச் சில்லை எறிந்துவிட்டு ஒற்றைக் காலில் எட்டுக் கட்டமும் தாண்டுவேன். ஒரு நாள் சாயங்காலம் பாட்டி வாசற்படியில் வந்து நின்று, “போதும், உள்ளே வா. இனிமேல் தெருவிலே என்ன ஆட்டம்?” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என் சில்லைத் திண்ணைக்கடியில் வைத்துவிட்டு உள்ளே போனேன். அதன் பிறகு நான் ஓடியதெல்லாம் பஸ்ஸைப் பிடிப்பதற்காகத்தான். இதைப் பற்றி முப்பது ஆண்டுகளாக நான் ஒரு முறையும் துக்கப்பட்டதில்லை. துக்கப்பட வேண்டிய விஷயம் என்றே தோன்றியதில்லை. இப்போது காலை ஆறு மணிக்கு, வேர்த்து விறுவிறுத்து, ஒரு பந்துக்காக மூன்றடி தாவிய பிறகுதான், ‘அடடா, இந்தக் கால்கள் இத்தனை நாள் எங்கே போயிருந்தன?’ என்று கேட்கத் தோன்றியது.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு வாரத்தில் இரண்டு விளையாட்டுப் பீரியடுகள் உண்டு. மைதானம் பையன்களுடைய கிரிக்கெட்டுக்குப் போய்விடும். பெண்கள் மாடிப்படியில் வரிசையாய் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டில் படம் வரைவார்கள். இருபது ஆண்டுகளாக நான் அந்தப் படிகளில் அவர்களைத் தாண்டிப் போயிருக்கிறேன். “சத்தம் போடாமல் உட்காருங்கள்” என்று சொல்லியும் இருக்கிறேன். என் பாட்டி ஒரு பேத்தியைத்தான் உள்ளே அழைத்தாள். நான் எத்தனை பேரை உட்கார வைத்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

பிரார்த்தனைக் கூட்டம் நடக்கும் சிமெண்டு முற்றத்தில் பழைய இறகுப்பந்துக் கோடுகள் மங்கலாகக் கிடந்தன. இந்தப் பந்து மண்தரையில் துள்ளாது, சிமெண்டே வேண்டும். இறகுப்பந்துத் தளத்தில் வலையிலிருந்து 6 அடி 6 அங்குலத்தில் ஒரு கோடு இருக்கும். அடுக்களைக் கோடு 7 அடியில் வர வேண்டும். ஆகவே பக்கத்துக்கு ஒரு கோடு, அரையடி தள்ளிப் போட்டால் போதும்; மற்றவை எல்லாம் தயாராகவே இருக்கின்றன. சனிக்கிழமை பிற்பகலில் ஐந்து பெண்களும் நானுமாக அளவு நாடாவையும் கயிற்றையும் பிடித்து, சுண்ணாம்பால் கோடு போட்டோம். பழைய வலையையே இறக்கிக் கட்டினோம். மட்டைக்கு மெக்காலம் செய்ததைத்தான் நானும் செய்தேன். பள்ளிக்கு பெஞ்சி பழுது பார்க்கும் ஆசாரியிடம் ஒட்டுப் பலகையைக் கொடுத்து, 15 அங்குல நீளமும் 8 அங்குல அகலமுமாக நான்கு மட்டை அறுத்து, பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றித் தரச் சொன்னேன். “பூரிக் கட்டைக்கு இது பெரிசா இருக்கே அம்மா” என்றார் அவர். பந்துகள் மட்டும் கடையில் வாங்கினோம்.

நான்கு பேர் ஆடினார்கள். ஒரு பெண் மட்டும் படியிலிருந்து இறங்கவில்லை. “நான் ஆடினேன்னு தெரிஞ்சா வீட்டிலே திட்டுவாங்க, டீச்சர்” என்றாள். வற்புறுத்தவில்லை. “அப்படியானால் நீ கணக்கு எழுது” என்று நோட்டைக் கொடுத்தேன். மூன்று எண் கணக்கு அவளுக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. எனக்கு ஒரு வாரம் ஆயிற்று என்பதை அவளிடம் சொல்லவில்லை. இரண்டாவது வாரத்தில் ஆடுகிறவர்கள் தப்பாகக் கூவினால் படியிலிருந்தபடியே திருத்தினாள். மூன்றாவது வாரத்தில், “கோட்டிலே கால்!” என்று அவள் போட்ட சத்தத்தில் கிரிக்கெட் ஆடிய பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சென்ற வியாழக்கிழமை நால்வரில் ஒருத்திக்குக் காய்ச்சல். மூன்று பேர் என்னைப் பார்த்தார்கள். நான் நோட்டு வைத்திருந்தவளைப் பார்த்தேன். அவள் சிறிது நேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைப் படியில் கவிழ்த்து வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். “வேண்டாம், வேண்டாம், வெறுங்காலோடு கூடாது” என்று கூவி, காய்ச்சல்காரியின் தங்கையிடமிருந்து கான்வாஸ் ஷூவை வாங்கி மாட்டிவிட்டேன். ஒரு எண் பெரியது. உள்ளே காகிதத்தைத் திணித்தோம்.

முதல் மூன்று பந்தை விட்டுவிட்டாள். நாலாவதைத் தொட்டாள். அதன் பிறகு நான் கவனித்தேன்: ஓங்கி அடிக்க அவள் முயலவே இல்லை. இத்தனை நாள் படியிலிருந்து பார்த்தவளுக்கு எந்தப் பந்து எதனால் தவறுகிறது என்பது தெரிந்திருக்கிறது. கார்டு ஸாரைப் பாராமலே கார்டு ஸாரைப் போலத் தட்டினாள். அவர்கள் பக்கம் ஆறு, எதிர்ப்பக்கம் நான்கு. ஸைட் அவுட் ஆகி ஸர்வீஸ் அவளிடம் வந்தது. கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள், பந்தைப் பிடித்தாள், வாயைத் திறந்தாள், மணி அடித்துவிட்டது.

மற்றவர்கள் பையை எடுக்க ஓடினார்கள். அவள் மட்டும் பந்தைக் கொடுக்காமல் நின்றாள்.

“டீச்சர், செவ்வாய்க்கிழமை அடுத்த பீரியடு. ஆறு-நாலு-ஒண்ணு. நான்தான் ஸர்வீஸ். மறந்துடாதீங்க” என்றாள்.

கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியால் முற்றத்துத் தூணிலேயே எழுதி வைத்தேன்.